முயல் சாப்பிடலையா? ‘காலையில பார்த்துக்கலாம்’னு விடாதீங்க!

நாய் ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால், ‘வயிறு சரியில்ல போல’ என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். முயலுக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகத் தீனியில் வாய் வைக்கவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது எமர்ஜென்சி.

மேலூர் பக்கம் உள்ள திருவாதவூர் மாதிரி ஊர்களில் முயல் வளர்ப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்றால் பெரும்பாலும் 20 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து மதுரைக்குத்தான் போகணும். ராத்திரி எட்டு மணிக்குக் கவனித்துவிட்டு, காலை பத்து மணிக்குக் கிளம்பினால் 14 மணி நேரம் போயிருக்கும். பல முயல்கள் பிழைப்பதும் பிழைக்காததும் இந்த இடைவெளியில்தான் முடிவாகிறது.

வயிற்றுக்குள் என்ன ஆகிறது?

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஓட்டுவது புல்லில் உள்ள நார்ச்சத்து. வலி, பயம், கடும் வெயில், தண்ணீர் குறைவு, பல் பிரச்னை, புல் இல்லாத தீனி என ஏதாவது ஒன்று அந்த ஓட்டத்தை மெதுவாக்கிவிட்டால் உள்ளே வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலி. வலித்தால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் மெதுவாகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பட்டினி நீண்டால் உடல் தன் கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும். அந்தச் சுமையில் கல்லீரல் பழுதாகும்.

கால்நடை மருத்துவர்கள் இதை ‘ஜிஐ ஸ்டேசிஸ்’ என்கிறார்கள். குடலை நிறுத்திய காரணம் வேறு ஏதாவது இருக்கும். அதையும் கண்டுபிடித்தால்தான் முயல் முழுசாகத் தேறும்.

வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?

முயல் பெரும்பாலும் கத்தாது, முனகாது. வேட்டையாடப்படும் பிராணி என்பதால் பலவீனத்தை மறைப்பது அதன் இயல்பு. இதற்காகவே 2012-ல் ‘ரேபிட் கிரிமேஸ் ஸ்கேல்’ என்ற அளவுகோலை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதில் பார்ப்பது 5 விஷயங்கள்: கண் இடுங்குவது, கன்னம் ஒட்டுவது, மூக்கின் வடிவம், மீசையின் நிலை, காதின் நிலை.

வீட்டில் இதைவிட எளிதாகக் கவனிக்கலாம். மூலையில் குறுகி உட்கார்வது, பல்லை நறநறவென்று கடிப்பது, புழுக்கை சிறுத்துப்போவது அல்லது நின்றுபோவது... இவை தெரிந்தாலே கிளம்ப வேண்டிய நேரம்.

டாக்டர் என்ன செய்வார்?

முதல் கேள்வி, குடல் மெதுவாகியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பது. மெதுவாகியிருந்தால் திரவம், வலி மருந்து, கதகதப்பு, ஊட்டிவிடும் உணவு ஆகியவற்றால் தேற வாய்ப்பு அதிகம். அடைப்பு என்றால் அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். இதைப் பிரித்தறிய எக்ஸ்ரே உதவும். ரத்தச் சர்க்கரையும் ஒரு தடயம். அடைப்பு உள்ள முயல்களுக்குச் சர்க்கரை மிக அதிகமாக ஏறுகிறது என்று 2012-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது.

வயிறு உப்பிக் கல் மாதிரி இருக்கும்போது வீட்டில் எதையும் ஊட்டக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அடைத்த வயிற்றில் மேலும் திணித்தால் ஆபத்து.

மதுரை தல்லாகுளத்தில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது. கால்நடை அவசர உதவிக்கான எண் 1962. எங்கே போனாலும், அங்கே முயலுக்குச் சிகிச்சை அளிப்பவர் இருக்கிறாரா என்று போனில் முதலில் கேட்டுக்கொள்வது நேரத்தை மிச்சமாக்கும்.

வீட்டில் இருக்கிற மாத்திரையைக் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை வாய்வழியாகக் கொடுத்தால், முயலின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நஞ்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகும். உயிரே போகலாம். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயும் முயலுக்கு விஷம்.

வீட்டுக்கு வந்த பிறகு?

பாதி வைத்தியம் இங்கேதான். தூள் செய்த பெல்லட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொல்வார்கள். எவ்வளவு, எத்தனை முறை என்பதை டாக்டர்தான் சொல்லணும். கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அது மென்று விழுங்கக் காத்திருக்கணும். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

பக்கத்திலேயே அருகம்புல், கொத்தமல்லித்தழை வைத்துப் பாருங்கள். தானாக ஒரு வாய் கடித்தால் நல்ல செய்தி. மருந்தடித்த வயலின் வரப்புப் புல் மட்டும் வேண்டாம்.

தூக்கும்போது பின்னங்காலையும் தாங்கிப் பிடிக்கணும். முயலின் எலும்புகள் உடல் எடையில் 7, 8 சதவீதம்தான். பின்னங்கால் தசையோ பலமானது. அந்தரத்தில் தொங்கவிட்டால் திமிறி உதைத்தே முதுகெலும்பை முறித்துக்கொள்ளும்.

மதுரை வெயிலில் இன்னும் கவனம்

கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூர் மத்திய அரசு ஆராய்ச்சி மையத்தில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களை வளர்க்கிறார்கள். அங்கே குளிர். சமவெளியில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தொடும். முயலுக்கு வியர்த்து உடம்பு தணியாது. பெரும்பாலும் காது வழியாகத்தான் சூடு வெளியேறும். 30 டிகிரி தாண்டினாலே அது திணறும்.

தகரக் கூரையின் கீழ் கூண்டு வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றிக் கூண்டுக்குள் போடலாம். காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைக்கலாம். ஐஸ் தண்ணீர் கூடாது.

தேறிடுச்சா... எப்படி உறுதி செய்வது?

புழுக்கையைப் பாருங்கள். முதலில் சின்னதாக, கோணல்மாணலாக வரும். சில நாட்களில் பெரிதாகி, உருண்டையாகி, எண்ணிக்கையும் பழையபடி ஆனால் குடல் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப இதே பிரச்னை வந்தால் பல்லைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முயலின் பல் ஆயுசு முழுக்க வளரும். புல்லை மெல்லும்போதுதான் தேயும்.

கேரட்டும் பிஸ்கட்டும் எப்போதாவது போதும். தினமும் கூண்டில் புல் இருக்கணும். காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளுங்கள். அடுத்த முறை முதலில் தகவல் சொல்லப்போவது அதுதான்.