நாரி நோவுக்குக் கத்தி எப்போது?

யாழ்ப்பாணத் தீவகத்துச் சரவணையில் தோட்டவேலையில் நாரி பிடித்தவர், எம்ஆர்ஐ படத்தில் ‘முள்ளந்தண்டுத் தட்டு பிதுங்கியிருக்கு’ என்றதும் கலங்கிப்போவார். முடிவெடுக்கப் படம் மட்டும் போதாது. 2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றின்படி, நோவே இல்லாத 20 வயதினரில் 30 வீதத்தினருக்கும், 80 வயதினரில் 84 வீதத்தினருக்கும் தட்டு பிதுங்கித்தான் இருக்கிறது!

பிதுங்கல் நரம்பை அழுத்தினால் நோ காலுக்கு இறங்கும். பிதுங்கிய துண்டையும் பல வேளைகளில் நோயெதிர்ப்புக் கலங்களே மெல்லத் தின்று கரைத்துவிடும். பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் நோ தணியும். தணியாத கால் நோவுக்குச் சத்திரசிகிச்சை நன்றாகவே உதவும். வெறும் நாரி நோவுக்கு அவ்வளவாக இல்லை. உங்களுடையது எது என்று கேட்டறியாமல் சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடாதீர்கள்.

சிறுநீர் அடைத்தாலோ, பிட்டப் பகுதி மரத்தாலோ, பாதம் தொய்ந்தாலோ மட்டும் பொறுக்க வேண்டாம். பண்ணைப் பாலம் தாண்டி உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.