‘இந்த வயசுல ஓட்டம் எதுக்கு?’ - 60-ஐத் தாண்டியும் ஓடுபவர்கள் சொல்லித்தரும் பாடம்

விடியற்காலை ஐந்து மணி. பேரிகை கடைவீதியில் டீக்கடை பாய்லர் அப்போதுதான் சூடாகத் தொடங்கியிருக்கும். முதல் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள், பால் கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.கள், ஓசூர் மார்க்கெட்டுக்குப் பூவும் தக்காளியும் ஏற்றிய வேன்கள் என்று சாலை விழித்துக்கொள்ளும். இந்தப் பக்கம் சூளகிரி, அந்தப் பக்கம் பாகலூர், இன்னும் கொஞ்சம் போனால் கர்நாடக எல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால், சித்திரையில்கூட அதிகாலைக் காற்றில் லேசான குளிர் இருக்கும். ஓடுபவர்களுக்கு இதைவிட நல்ல வானிலை தமிழ்நாட்டுச் சமவெளியில் கிடைக்காது.

ஆனால், ஓடுவது யார்? போலீஸ், ராணுவ வேலைக்குத் தயாராகும் இளைஞர்கள்தான். சிப்காட் வந்த புதிதில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்து, ஷிஃப்ட் ஷிஃப்டாக நின்றே உழைத்த ஒரு தலைமுறை இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால், வாசலிலேயே கேள்வி வரும். “இந்த வயசுல ஓட்டம் எதுக்கு? முட்டி தேய்ஞ்சுடப்போகுது!”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரே இருக்கிறார்.

உடைந்த முழங்காலோடு நூறைத் தாண்டியவர்

மா.சுப்பிரமணியன். சென்னையின் முன்னாள் மேயர். 2021-ல் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவர். 1959-ல் பிறந்த இவருக்கு 2004-ல் ஒரு சாலை விபத்து. முழங்கால் மோசமாக உடைந்தது. இனி ஓடுவதெல்லாம் முடியாது என்ற அளவுக்கு மருத்துவர்கள் எச்சரித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கூடவே நீரிழிவும் உண்டு.

முதலில் நடை, பிறகு மெல்லோட்டம் என்று பல ஆண்டுகள் உடலைப் பழக்கிய பிறகே அவர் போட்டிகளுக்கு வந்தார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அறுபதைக் கடந்தும் ஓடினார். 21 கிலோமீட்டர் கொண்ட அரை மராத்தானை நூறு முறைக்கும் மேல் முடித்துவிட்டார். ‘ஓடலாம் வாங்க’ என்று புத்தகமும் எழுதினார்.

இதைப் படித்துவிட்டு, ‘முழங்கால் உடைந்தவரே ஓடும்போது நமக்கென்ன?’ என்று நாளைக்கே ரோட்டில் இறங்கிவிடக் கூடாது. அவருடைய கதையில் நாம் பார்க்கவேண்டியது, விபத்துக்கும் போட்டிக்கும் நடுவில் இருந்த அந்தப் பல வருடங்களைத்தான்.

முட்டி உண்மையிலேயே தேயுமா?

2017-ல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு, இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்தை ஒப்பிட்டுப் பார்த்தது. ஓடாமல் இருந்தவர்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. உடல்நலத்துக்காக மிதமாக ஓடியவர்களில் அது 3.5 சதவிகிதம்தான். ஆனால், தீவிரப் போட்டி வீரர்களிடம் 13 சதவிகிதத்தைத் தாண்டியது. அளவாக ஓடினால் மூட்டு கெடுவதாகத் தெரியவில்லை. அளவுமீறினால் சிக்கல் வரலாம் என்பதுதான் இதன் சாரம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1984-ல் தொடங்கிய ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. 50 வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 19 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஓடாதவர்களில் 34 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் 15 சதவிகிதம். நடக்க, எழுந்திருக்க, உடை மாற்றப் பிறர் உதவி தேவைப்படும் நிலையும் ஓடியவர்களுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. முதலிலேயே ஆரோக்கியமாக இருந்தவர்கள்தான் ஓட வந்தார்கள் என்ற வாதமும் உண்டு. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் வித்தியாசம் பெரியது.

ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்கள் கதை வேறு. எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் ஓடத் தொடங்கக் கூடாது. அவர்களுக்கு நடையும் சைக்கிளும் குறைந்தவை அல்ல.

ஷூ வாங்குவதற்கு முன்...

முதல் செலவு ஷூ இல்லை. பரிசோதனைதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றும் அவசியம். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் எப்போதாவது வந்திருந்தாலோ, குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தாலோ, இதய மருத்துவரிடம் ஒப்புதல் வாங்குவது நல்லது.

வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. ஆகவே, ‘செக் பண்ண பெங்களூருக்குப் போகணுமே’ என்ற சாக்கு இந்தப் பகுதியில் செல்லாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நீண்ட ஓட்டத்தின்போது சர்க்கரை திடீரென இறங்கும் அபாயத்தை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பாக்கெட்டில் எப்போதும் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். ஓடி முடித்ததும் கால்களில் கொப்புளம், புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் தினசரி வழக்கமாக வேண்டும்.

பயிற்சி: பேசிக்கொண்டே ஓடுங்கள்

முதல் மாதம் நடை மட்டும். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். இரண்டாவது மாதத்திலிருந்து ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். உடல் பழகப் பழக ஓடும் நிமிடங்களைக் கூட்டலாம். ஓட்டம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். 10 கிலோமீட்டருக்கு ஆறு மாதம், அரை மராத்தானுக்கு ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டால் உடம்பு சண்டை போடாது.

வேகம் எவ்வளவு? 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிகபட்ச இதயத்துடிப்பு என்பது பலரும் சொல்லும் கணக்கு. அது தோராயம்தான். பிரஷருக்காகச் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்குத் துடிப்பு இயல்பாகவே குறைந்திருக்கும், அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எளிய வழி ஒன்று இருக்கிறது. கூட ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு உடைந்தால் வேகம் அதிகம்.

கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக்கின் ரகசியமும் இந்த மெதுவான ஓட்டம்தான். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தையே சுற்றிச் சுற்றி, சில நாள்களில் மூன்று மணி நேரம்கூட நிதானமாக ஓடுவார். 2003-ல், 72 வயதில், முழு மராத்தானின் 42.195 கிலோமீட்டரை 2 மணி 59 நிமிடங்களில் முடித்தார். 70 வயதைத் தாண்டிய ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் மராத்தான் ஓடியது அதுவே முதல்முறை. 85 வயதிலும் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார். அவருக்கும் மூட்டுவலி வந்தது. வந்தபோதெல்லாம் மாதக்கணக்கில் ஓட்டத்தை நிறுத்திவைத்தார். அதனால்தான் திரும்ப ஓட முடிந்தது.

ஓட்டத்தைப் போலவே முக்கியமானது தசைப்பயிற்சி. வயது கூடக்கூடத் தசை கரையும். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது ஆகியவற்றைச் செய்தால் முட்டியைத் தாங்கும் தொடைத்தசை வலுப்படும். தடுக்கி விழும் ஆபத்தும் குறையும். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் உடல் சூடேற நேரமாகும். முதல் பத்து நிமிடம் நடந்துவிட்டே ஓடுங்கள்.

போட்டி நாளில்...

இங்கிருப்பவர்களுக்கு பெங்களூரு பக்கம்தான். அங்கே 2008 முதல் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டம் உலக அளவில் பிரபலம். முதல் போட்டிக்கு அந்தத் தூரம் போதும்.

கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் இரண்டு கிலோமீட்டரைப் பறந்துவிட்டு, பாதியில் உட்கார்ந்துவிடுபவர்கள் ஏராளம். பின்வரிசையில் நின்று, பயிற்சியைவிட மெதுவாகத் தொடங்குங்கள். அன்றைக்குப் புது ஷூ, புது உணவு எதுவும் வேண்டாம். தாகம் எடுக்கும்போது தண்ணீர் குடித்தால் போதும். பயத்தில் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரலாம். ‘வலி வராமல் இருக்கட்டும்’ என்று முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது அதைவிட ஆபத்து. உடலில் நீர் குறையும் நேரத்தில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஓய்வும் பயிற்சிதான்

இருபது வயதில் ஒரே இரவில் போகும் தசைவலி, அறுபதில் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அது தோல்வி இல்லை, உடலின் கணக்கு. அரை மராத்தானுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரங்களுக்கு நடையும் மிக மெல்லிய ஓட்டமும் மட்டும் போதும். ஏழெட்டு மணி நேரத் தூக்கத்துக்கு மாற்று மருந்து எதுவும் இல்லை.

சாப்பாட்டுக்கு டப்பாவில் விற்கும் பவுடரைத் தேடவேண்டியதில்லை. இந்த மண்ணின் கேழ்வரகுக் களியில் 100 கிராம் மாவுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தொட்டுக்கொள்ளும் அவரைக்கொட்டைக் குழம்பிலும் கொள்ளு ரசத்திலும் புரதம். கூட ஒரு முட்டையோ, தயிரோ, கொஞ்சம் மீனோ சேர்ந்தால் நல்லது. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் தேவை என்கிறார்கள் ஊட்டச்சத்து நிபுணர்கள். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேர்க்கவேண்டும்.

நடையையே மாற்றவைக்கும் வலி, மூட்டு வீக்கம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி. இவை மூன்றில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால், ‘வாயுவாக இருக்கும்’ என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

சாலைதான் பெரிய எதிரி

பஞ்சாபின் பியாஸ் பிண்ட் கிராமத்தைச் சேர்ந்த ஃபௌஜா சிங்கைப் பலருக்கும் தெரிந்திருக்கும். மகனை இழந்த துயரத்திலிருந்து மீள ஓட ஆரம்பித்தவர். 2000-ல், 89 வயதில், லண்டனில் முதல் மராத்தான். 2011-ல், 100 வயதில், டொரன்டோவில் 8 மணி 11 நிமிடங்களில் முழு மராத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதைப் பதிவு செய்யவில்லை. அவர் அதற்காக ஓடவும் இல்லை.

நூறு வயதைத் தாண்டியும் ஓடிய அவரை முதுமை வீழ்த்தவில்லை. 2025 ஜூலை 14 அன்று, 114 வயதில், சொந்த ஊரில் சாலையைக் கடக்கும்போது ஒரு வாகனம் மோதி இறந்தார்.

தக்காளி வேன்களும் கம்பெனி பஸ்களும் விரையும் சாலைகளில் ஓட நினைக்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்கவேண்டும். இருட்டில் மெயின் ரோடு வேண்டாம். பள்ளி மைதானமோ, ஏரிக்கரையோ, தோட்டத்துக்குப் போகும் மண் பாதையோ போதும். விட்லாக் ஒரு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியே உலக சாதனை படைத்தார். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் கண்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது. ஆனால், மாவட்டத்துக்கு ஒரு பாதை இருந்தால் எல்லையோர ஊரில் இருப்பவருக்கு எப்படி எட்டும்? ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு கிலோமீட்டர் பாதைக்கு விளக்குப் போட்டுக் கொடுத்தாலே பெரிய உதவி. ரோட்டில்தான் போயாக வேண்டும் என்றால், வண்டிகளை எதிர்நோக்கி வலதுபக்கமாக, வெளிர்நிறச் சட்டையோடு, காதில் இயர்போன் இல்லாமல் போங்கள்.

வீட்டில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ நாளைக் காலையில் ஷூவைத் தேடினால், ‘இந்த வயசுல எதுக்கு?’ என்று கேட்காதீர்கள். ‘இருங்க, நானும் வர்றேன்’ என்று கூடப் போங்கள். அவர்கள் சரியான வேகத்தில் ஓடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள, கூடவே பேசிக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டுமே!