படித்தது மறந்துபோகிறதா? புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்

"நல்லாத்தான் படிச்சான், பரீட்சையில எல்லாம் மறந்துபோச்சு." பொதுத்தேர்வு முடிந்ததும் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், முக்கூடல் என்று எந்த ஊரிலும் கேட்கும் பேச்சு இது. அதற்கு அடுத்து "இவனுக்கு மண்டையில ஏறாது" என்ற முடிவும் வந்துவிடும். அந்த முடிவுக்கு வருவதற்கு முன், பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள். படிக்கும் முறையை மாற்றினாலே நினைவில் நிற்பது கூடும் என்கிறது உளவியல் ஆய்வு.

நீங்களே செய்து பாருங்கள்

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்.

இரண்டு முறை வாசியுங்கள். இப்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வரிசையாகச் சொல்லுங்கள். சில பெயர்கள் சட்டென வரும். ஒன்றிரண்டு தொண்டைக்குள்ளேயே நிற்கும். தாமிரபரணிக் கரையிலேயே வளர்ந்தவருக்கும் இப்படித்தான். பார்த்தவுடன் "ஓ, இதுதானே" என்று தோன்றுவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தேர்வறையில் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

ஆய்வு சொல்வது என்ன?

2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோரும் ஒரு பகுதியைப் படித்தார்கள். பிறகு சிலர் அதையே மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56.

முந்தின நாள் ராத்திரி "எல்லாம் தெரியும்" என்று தூங்கப்போன பிள்ளை, சில நாள் கழித்துத் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். படித்த புதிதில்தான் மறதி மிக வேகமாக இருக்கும் என்று ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டியிருந்தார். அதனால் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, அதே நேரத்தைப் பல நாளாகப் பிரித்துப் படிப்பது நல்லது.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. மூடிச் சொல்லுங்கள்: ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவுக்கு வருவதை ஒரு தாளில் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டதை வேறு மையில் சேர்க்கட்டும். தவறாக எழுதியதை அப்போதே திருத்துவது முக்கியம்.

2. இடைவெளி விடுங்கள்: அதே பாடத்தை இரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்க்காமல் சொல்லட்டும். கைப்பேசியில் நினைவூட்டல் வைத்தால் போதும்.

3. கணக்கைக் கலந்து போடுங்கள்: ஒரே வகைக் கணக்கை இருபது போடாமல், மூன்று நான்கு வகைகளைக் கலந்து போடட்டும். எந்த முறை எதற்குப் பொருந்தும் என்று பிடிபடும்.

4. "ஏன்?" கேளுங்கள்: பெயரை ஒப்பித்தால் மட்டும் போதாது. அணைக்கட்டு எதற்கு? ஆற்றின் மட்டத்தைச் சற்று உயர்த்தி, தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்புவதற்கு. காரணம் தெரிந்தால் பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பீடி சுற்றிக்கொண்டே ஒரு அம்மா, "எய்யா, இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று கேட்டாலே போதும். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பார்க்காமல் சொல்லவைத்ததும் இந்த வழிதான். இப்போது அதோடு பொருள் புரிந்து, சொந்த வார்த்தையில் சொல்வதும் சேர வேண்டும்.

கைப்பேசியில் உள்ள அரசு வசதிகள்

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான காணொலிகளைப் பார்க்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும் பாடக் காணொலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் காணொலியைப் பார்ப்பதும் மறுபடி வாசிப்பது போலத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு, "இப்ப என்ன சொன்னாங்க?" என்று பிள்ளை தானே சொல்லட்டும். சுயசோதனைக்குப் பாட முடிவில் உள்ள வினாக்களையே பயன்படுத்தலாம்.

கவனிக்க வேண்டியவை

பார்க்காமல் சொல்லும்போது முதலில் நிறைய விடுபடும். அதற்குத் திட்டாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். யோசித்து எடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவை வலுவாக்குகிறது. தூக்கத்தையும் குறைக்காதீர்கள், படித்தது மனதில் பதிய அது அவசியம்.

எவ்வளவு முயன்றாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கவோ எழுதவோ பிள்ளை தொடர்ந்து திணறினால், அது சோம்பேறித்தனம் இல்லை, கற்றல் குறைபாடாக இருக்கலாம். வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் பெற வழி உண்டு. சந்தேகம் இருந்தால் பள்ளிக்கல்வித் துறையின் கட்டணமில்லா உதவி எண் 14417-க்கு அழையுங்கள்.

சரி, அந்த எட்டு அணைக்கட்டுகளில் இப்போது எத்தனை ஞாபகம் இருக்கிறது? மேலே பார்க்காமல் சொல்லுங்கள். நாளை மறுநாள் இன்னொரு தடவை.