மேலே வந்த பிறகு போகும் கால்கள்

கடலுக்கு அடியில் யாருக்கும் கால் போவதில்லை. கடலட்டை பிடித்து முடித்து, படகில் ஏறி, பிளேன்டீயைக் கையில் எடுக்கும்போதுதான் தோள்மூட்டில் ஒரு குத்து வரும். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே விறைக்கும். சிலருக்கு மூத்திரம் அடைத்துக்கொள்ளும். ஊரில் இதை வாதம் என்பார்கள், கண்ணூறு என்பார்கள், அல்லாஹ்வின் நாட்டம் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். நான் பள்ளிவாசல்துறையில் பிறந்தவள், அரச வைத்தியசாலையொன்றில் தொழில்வழிச் சிகிச்சையாளராக இருக்கிறேன். இது தொழிலால் வரும் நோய் என்று சொல்வதும் என் வேலையில் ஒரு பாதி.

கற்பிட்டிக் குடாநாட்டுக்கு ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். களப்பில் நண்டு வலையும் இறாலும், வெளிக்கடலில் சங்கும் கடலட்டையும். அட்டையை இங்கே யாரும் தின்பதில்லை. அவித்துக் காயவைத்தால் ஹொங்கொங், சீனா என்று போய்விடும். கரையோரத்தில் அட்டை குறையக் குறைய, சுழியோடிகள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனார்கள். அந்தச் சிலிண்டரை நம்மவர்கள் ‘ஒக்சிசன் டேங்க்’ என்பார்கள். உள்ளே இருப்பதோ நாம் மூச்செடுக்கும் இதே காற்று, அமுக்கி அடைத்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்.

வில்லங்கம் அந்த நைதரசனில்தான். பத்து மீற்றர் இறங்கினால் உடம்பின் மேலுள்ள அமுக்கம் இரண்டு மடங்காகிறது, முப்பது மீற்றரில் நான்கு மடங்கு. அந்த அமுக்கத்தில் நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்துவிடும். மெதுவாக, இடையில் நின்று நின்று ஏறினால் மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிறது. முள்ளந்தண்டு வடத்தில் குமிழி உண்டானால் கால்களும் சிறுநீர்ப்பையும் செயலிழக்கலாம். ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்குகிறவருக்கு ஆபத்து இன்னும் கூட. முதல் முறை கரைந்தது வெளியேறு முன்பே அடுத்தது சேர்ந்துவிடும்.

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், ஏறும்போது எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதற்கு அட்டவணை உண்டு. ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908-இலேயே அதை வெளியிட்டுவிட்டார்.

இப்படியான அட்டவணைகளை வைத்து நோர்வேயில் பெரிய வழக்கே நடந்தது. 1969-இல் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டபின், குழாய் பதிக்கவும் மேடை பழுதுபார்க்கவும் சுழியோடிகள் ஆழத்தில் இறங்கினார்கள். நாடு செல்வந்தமானது, இறங்கியவர்களில் பலருக்கு நரம்பும் நுரையீரலும் காதும் நினைவாற்றலும் பாதிக்கப்பட்டன. பேர்கன் நகரின் ஹவ்கலாண்ட் பல்கலைக்கழக வைத்தியசாலை அவர்களை முறையாகப் பரிசோதித்துப் பதிந்தது. 2004-இல் நாடாளுமன்றம் நட்டஈட்டுக்கு வழி செய்தது. அதில் திருப்தியடையாத சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2013 டிசம்பர் 5-இல் தீர்ப்பு வந்தது. கம்பனிகள் தங்கள் அட்டவணைகளை வியாபார இரகசியமாக வைத்திருந்தன. சீக்கிரம் மேலே ஏற்றினால் நேரம் மிச்சம், நேரம் மிச்சமென்றால் காசு மிச்சம். உயிரைப் பணயம் வைத்தவனுக்கு அந்த ஆபத்தை எடைபோடத் தேவையான தகவல் கிடைப்பதை அரசு உறுதிசெய்யவில்லை, அது உரிமை மீறல் என்றது நீதிமன்றம்.

அங்கே அட்டவணையை ஒளித்தார்கள். நான் அறிந்த மீன்வாடிகளுக்கு அது வந்து சேரவேயில்லை.

கால் விறைத்ததும் ‘திரும்ப இறங்கிக் கிடந்தால் சரியாகும்’ என்பது கடற்கரை வைத்தியம். விறைத்த காலோடு இறங்குகிறவர் மூழ்கலாம், இன்னும் நைதரசனையும் ஏற்றிக்கொள்வார். செய்ய வேண்டியது வேறு: மட்டமாகப் படுக்கவைத்து, சுத்தமான ஒக்சிசன் கொடுத்து, தாமதிக்காமல், அமுக்கத்தைக் கூட்டிச் சிகிச்சை செய்யும் அமுக்க அறைக்குக் கொண்டுபோவது. கடற்படையின் அமுக்க அறை திருகோணமலையில் இருக்கிறது. புத்தளம், அநுராதபுரம் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் மணித்தியாலங்கள் ஓடிவிடும். முழுதாகத் தேறாதவர்கள் பிறகு எங்களிடம் வருவார்கள்.

இயன்மருத்துவர் தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி கொடுப்பார். எங்கள் கேள்வி வேறு: “எதை நீங்களே செய்ய வேணும்?” இப்படிக் கால் போன எங்கள் பக்கத்து நானா ஒருவரிடம் இதைக் கேட்டேன். நடக்க வேண்டும் என்பாரென நினைத்திருந்தேன். “தொழுகைக்கு ஒளு எடுக்க ஒவ்வொரு வக்துக்கும் ஆளைக் கூப்பிடாம இருக்கணும் மகள்” என்றார்.

அங்கிருந்துதான் தொடங்கினோம். அவர் ஒளு எடுக்கும் குழாயைத் தாழ்த்தி, அதன் பக்கத்தில் சக்கர நாற்காலியின் உயரத்துக்கே ஒரு சீமெந்துத் திண்ணை கட்டினோம். மணலில் சில்லுப் புதையும் என்பதால் வாசலிலிருந்து குழாயடி வரை கல் பதித்தோம். உணர்ச்சியில்லாத இடத்தில் புண் வந்தால் தெரியாது. ஆகவே கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கப் பழக்கினோம். பிறகு நண்டு வலை. நிலத்தில் விரித்து, கால் பெருவிரலில் கொளுவி முடிந்த மனிதர் அவர். இப்போது வலை நெஞ்சு உயரத்துக் கொக்கியில் தொங்குகிறது, முன்னால் சரியாதபடி நெஞ்சில் ஒரு பட்டி. முடிச்சுப் போடும் விரல்களுக்கு ஒரு குறையுமில்லை. கூலி வரத் தொடங்கியதும் வீட்டில் அவரைக் கேட்டுச் செய்வதும் தொடங்கியது.

ஆனாலும் எங்கள் வேலை கால் போன பிறகு வருவது. முன்னால் நடக்க வேண்டியவை இரண்டு. ஒன்று பதிவு. வைத்தியசாலைக் குறிப்பில் ‘இரு கால்களும் பலவீனம்’ என்று மட்டும் எழுதினால் அது எந்த நோயுமாகலாம். என்ன ஆழம், எத்தனை சிலிண்டர், மேலே வந்து எவ்வளவு நேரத்தில் விறைத்தது என்று சேர்த்து எழுதினால்தான் கணக்கு வரும். கணக்கு வந்தால்தான் நட்டஈட்டைப் பற்றிப் பேச வாய் வரும்.

மற்றது அட்டவணை. நம் ஆட்கள் ஆழத்தை மீற்றரில் அளப்பதில்லை, பாகத்தில், அதாவது இரு கை விரித்த நீளத்தில், அளக்கிறார்கள். சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்க கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் எப்படியும் வேண்டும். அதோடு, பாகக் கணக்கில், தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, நனையாமல் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டவணை ஒன்றையும் கையில் கொடுக்கலாம். ஒரு சக்கர நாற்காலியின் செலவில் இந்தக் கரையில் உள்ள படகுகளுக்கெல்லாம் போட்டுவிடலாம்.