சிபில் மார்க் தப்பா இருந்தா யாரைக் கேட்பது?



இப்போதெல்லாம் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாலும் தீர்மான நோட்டை மூடுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "ஏனுங்க, சிபில்ல மார்க் கம்மின்னு பேங்க்ல திருப்பி அனுப்பிட்டாங்க. நாங்க ஒரு தவணை கூடத் தவறலையே, அது எப்படிங்க?" கேட்பவர் தையல் கடையில் இன்னும் இரண்டு மெஷின் போட நினைப்பவராக இருப்பார். இல்லையென்றால் மாவு அரைத்து விற்பவர், மாடு வாங்கப் பணம் தேடுபவர். பேங்கில் இல்லை என்றதும் அவர் தொழிலை விட்டுவிடுவதில்லை. வாரவட்டிக்குப் போகிறார். ஒரு தப்பான மார்க்கினால் வருகிற நட்டம் அந்த வட்டிதான்.

சிபில் என்பது அரசாங்க ஆபீஸ் இல்லை. 2000-ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கிய கம்பெனி. பிறகு அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் கம்பெனி அதில் பெரும்பங்கை வாங்கிவிட்டது. இதே வேலையைச் செய்ய ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று கம்பெனிகள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இருக்கின்றன. நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'சிபில்' என்றே சொல்கிறோம். மார்க் 300-லிருந்து 900 வரை. இவர்கள் நம் வீட்டுக்கு வந்து விசாரிப்பதில்லை. பேங்கும் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனியும் அனுப்பும் கணக்கை வைத்துத்தான் மார்க் போடுகிறார்கள். குழு மூலம் கடன் வாங்கும் உறுப்பினர்களின் விவரத்தையும் அனுப்ப வேண்டும் என்று 2016-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆகவே தனிக்கடன் வாங்காதவர்கள் பெயரும் அங்கே இருக்கலாம்.

அனுப்புகிற கணக்கு தப்பானால் மார்க்கும் தப்பாகிவிடும். நம் பக்கத்தில் தப்பு வர வழிகள் நிறைய. ஒரே ஊரில் நாலு ஈஸ்வரி இருப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பின்னால் வீட்டுக்காரர் இனிஷியல். ரேஷன் கார்டில் ஒரு வயது, ஆதாரில் ஒரு பிறந்த தேதி. விலாசம் என்று பார்த்தால் ஊர்ப்பெயரும் தாராபுரம் தாலுக்காவும் மட்டும். இன்னொரு ஈஸ்வரியின் நிலுவை நம் கணக்கில் ஏறிக்கொள்ள இது போதாதா? கட்டி முடித்த கடனை மூடியதாகக் கம்பெனி தெரிவிக்காமல் விட்டிருக்கலாம். கொரோனா சமயத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, ரிசர்வ் வங்கி சொன்னபடி தவணையைத் தள்ளி வைத்தவர்களை அந்த மாதங்களுக்குத் 'தவறியவர்' என்று காட்டக் கூடாது. காட்டியிருந்தால் அதுவும் தப்புதான்.

தப்பு இல்லாத, ஆனால் நமக்குத் தெரியாத விஷயமும் ஒன்று உண்டு. பாக்கி முப்பதாயிரம் இருக்கும்போது, "இருபதாயிரம் கட்டிருங்க, முடிச்சிரலாம்" என்று வசூலுக்கு வருகிறவர் சொல்வார். நாமும் முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் அது 'செட்டில்டு' என்று ஏறும். முழுதும் கட்டி மூடினால்தான் 'குளோஸ்டு'. பின்னால் கடன் கொடுப்பவர் இந்த இரண்டு வார்த்தையையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்காக நம் பெயரில் எடுத்துக் கொடுத்த கடன் நின்றுபோனாலும் அது நம் கடன்தான். இவற்றை யாரிடம் மனு கொடுத்தும் அழிக்க முடியாது. இதை உறுப்பினர்களிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுவதுதான் சரி என்று நினைக்கிறோம்.

பேங்கில் போய்க் கேட்டால், "நாங்க என்னம்மா பண்றது, சிபில் அப்படிக் காட்டுது" என்கிறார்கள். சிபிலைக் கேட்டால், "பேங்க் அனுப்பியதைத்தான் போட்டோம், கடன் கொடுப்பதும் மறுப்பதும் பேங்க் முடிவு" என்று பதில் வருகிறது. நடுவில் நாம். கட்டணம் கொடுத்து ரிப்போர்ட் வாங்குவது பேங்குகள் என்பதால் அவர்களுக்கு முதல் வாடிக்கையாளர் நாம் இல்லை. 2024 டிசம்பரில் சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம் மக்களவையில் இதைத்தான் பேசினார். மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்பதில் வெளிப்படை இல்லை என்றார். 2025-ல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்ப்பது என்று பேச்சு வந்ததும் தமிழ்நாட்டு விவசாய சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

மார்க் போடுகிறவர்களைச் சின்னக் கடைக்காரர்கள் கேள்வி கேட்டு மாற்றியதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 'பெட்டர் பிசினஸ் பீரோ' என்ற பழைய அமைப்பு கடைகளுக்கு ஏ, பி, சி என்று மார்க் போடுகிறது. சந்தா கட்டிய கடைக்கு அதற்காகவே கூடுதல் புள்ளி கொடுத்து வந்தது. 2010 நவம்பரில் ஏபிசி டி.வி.யில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கடைக்காரப் பெண்கள், பணம் கட்டியதும் தங்கள் 'சி' மார்க் 'ஏ பிளஸ்' ஆனதைச் சொன்னார்கள். வேறு சில வியாபாரிகள் இல்லவே இல்லாத ஒரு கம்பெனியின் பெயரில் 425 டாலர் கட்டி 'ஏ மைனஸ்' வாங்கிக் காட்டினார்கள். அந்த மாதமே சந்தாவுக்குப் புள்ளி தரும் வழக்கத்தை நிறுத்துவதாகத் தலைமை அமைப்பு அறிவித்தது. 2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையையே நீக்கிவிட்டது.

நமக்கு டி.வி. வர வேண்டியதில்லை, சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி நம் ரிப்போர்ட்டைக் கேட்கவும் தப்பைத் திருத்தச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. 2017 முதல் நான்கு கம்பெனிகளும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நாலு ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் தப்பாக இருக்கும். அவரவர் வெப்சைட்டில் காலேஜ் போகும் பிள்ளைகள் எடுத்துத் தருவார்கள். பிரவுசிங் சென்டரில் எடுத்தால் ஓ.டி.பி. எண்ணை நீங்களே டைப் செய்யுங்கள்.

தப்பைக் கண்டால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கடன் கொடுத்த பேங்க் அல்லது கம்பெனிக்கும், ரிப்போர்ட் தந்த கம்பெனிக்கும் எழுத்தில் கொடுங்கள். கணக்கு எண், தப்பான வரி, சரியான விவரம், கடைசித் தவணை ரசீது நகல் இவை இருந்தால் போதும். நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத் தபால். அந்தத் தேதியிலிருந்து 30 நாள் கணக்கு ஓடும். அதில் 21 நாளுக்குள் கடன் கொடுத்தவர் சரியான விவரத்தை அனுப்பியாக வேண்டும். 30 நாள் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. யாரால் தாமதமோ அவர் தர வேண்டும். திருத்த முடியாது என்றால் ஏன் என்று காரணம் சொல்லவும் வேண்டும்.

பதிலே வரவில்லை அல்லது சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 2022 செப்டம்பர் முதல் இந்தக் கம்பெனிகளும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448. தபாலுக்கு: ரிசர்வ் வங்கி, செக்டர் 17, சண்டிகர் 160017. முதலில் பேங்குக்குக் கொடுத்த மனுவின் நகலை மறக்காமல் இணையுங்கள்.

முதல் முறை கடன் கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். முன்னால் கடன் வாங்கிய விவரமே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இத்தனை மார்க் இருந்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எதையும் வைக்கவில்லை என்று 2025 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை மக்களவையில் தெரிவித்தது. ஒவ்வொரு பேங்கும் தன் கணக்குக்கு ஒரு அளவு வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒரு பேங்க் மறுத்ததை எல்லாப் பேங்கும் மறுக்கும் என்று உட்கார்ந்துவிட வேண்டாம்.

"ஐயாயிரம் கொடுங்க, ஒரே வாரத்துல சிபிலை ஏத்தித் தர்றோம்" என்று போனில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தப்பான வரியைத் திருத்த மனுக் கொடுப்பதற்குப் பணமே கிடையாது. சரியான வரியை எவ்வளவு கொடுத்தாலும் யாராலும் மாற்ற முடியாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆதார், பான் கார்டு, ஆதாரோடு இணைத்த போன், பழைய கடன் பாஸ்புக், கையில் இருக்கும் தவணை ரசீதுகள் எல்லாம் கொண்டு வாருங்கள். கடனை முழுதும் கட்டி முடித்தவர்கள் 'பாக்கி இல்லை' என்ற சான்றை இதுவரை வாங்கியிருக்காவிட்டால் அதற்குள் வாங்கிவிடுங்கள். மனு எழுத உதவி வேண்டுபவர்கள் தங்கள் குழுப் பிரதிநிதியிடம் முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.