வீட்டு முற்றத்தில் ஒரு ஜிப்ஸி – 9: ஸ்டீயரிங் உதறினால்

ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு இந்த உதறல் பழக்கமானதுதான். ஐம்பது, அறுபது வேகத்தில் போகும்போது முன்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கும். ஸ்டீயரிங் படபடவென்று ஆட ஆரம்பிக்கும். வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும். பெரும்பாலோர் உடனே ஒரு புது ஸ்டீயரிங் டேம்பரை வாங்கி மாட்டுகிறார்கள். உதறலும் நின்றுவிடும், கொஞ்ச காலத்துக்கு. டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்குமே தவிர, தேய்ந்த ஜாயின்ட்டைச் சரிசெய்யாது.

மாருதி 1985இல் கொண்டுவந்த ஜிப்ஸிக்கு முன்னாலும் பின்னாலும் முழு அச்சு, நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். ஜப்பானில் இதன் உடன்பிறப்பான ஜிம்னி 1995இல் காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. ஜிப்ஸி கடைசி வரை மாறவில்லை. உட்கார்ந்து போகிறவரின் இடுப்புக்கு அது தண்டனைதான். ஆனால், வீட்டில் ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு இதைவிட எளிய அமைப்பு கிடைக்காது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்டீயரிங்கை ஆட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை தம்பி மகனுக்கு. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் பாரம் போய்விடும், ஆட்டமும் ஒளிந்துகொள்ளும். அவன் இடமும் வலமும் சின்னதாக ஆட்ட, நான் கீழே படுத்து டிராக் லிங்க், டை ராட் முனைகள் ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்ப்பேன். தேய்ந்த முனையில் ஒரு பக்கம் நகர்ந்த பிறகுதான் மறுபக்கம் நகரும். அந்தச் சின்னத் தாமதம் விரலுக்குத் தெரியும். "பெரியப்பா, கை வலிக்குது" என்று மேலிருந்து குரல் வந்தாலும் ஸ்டீயரிங் பாக்ஸ் வரை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் கிங் பின் பேரிங். இந்த ஒரு மிதி பல ஆயிரம் ரூபாய் வீண் செலவைத் தடுக்கும்.

டை ராட் முனையைக் கழற்றும்போது, நட்டைக் கொஞ்சம் தளர்த்தி அப்படியே விட்டுவிட்டு, முனை உட்கார்ந்திருக்கும் இரும்புக் காதின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு அடி போடுங்கள். டேப்பர் தானாக விட்டுக்கொடுக்கும். போல்ட்டின் தலையில் அடித்தால் மரைதான் நசுங்கும். ஒரு முனை வலது மரை, மற்றது இடது மரை. கடையில் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினால் டோ-இன் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வரும். காட்டர் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், பின்னால் தளர்த்தாதீர்கள்.

பட்டையின் ரப்பர் புஷ் விஷயத்தில் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஷேக்கிள் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் பட்டு, வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கம். யூ போல்ட் புதிதாகவே இருக்கட்டும். உயரத்துக்காக நீள ஷேக்கிள் போடும் ஆசை வந்தால், முன்பக்கம் காஸ்டர் குறைந்து, வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரச் சோம்பும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டோ-இன்னுக்குச் சாக்பீஸும் டேப்பும் போதும். வண்டியை முன்னோக்கித் தள்ளி நிறுத்தி, அச்சு உயரத்தில் இரு முன்டயர்களுக்கும் இடையே முன்புறமும் பின்புறமும் அளக்க வேண்டும். முன்புறம் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கணும். சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: பிரேக் டிரம்)