காங்கிரிச் சூட்டில் சில கதைகள்

காஷ்மீரின் நீண்ட இரவுகளிலிருந்து வந்திருக்கும் நான்கு புத்தகங்கள்

டிசம்பர் 21. ஸ்ரீநகரில் 'சில்லை கலான்' ஆரம்பம். நாற்பது நாள் கடுங்குளிர். குழாய்களில் தண்ணீர் உறைகிறது. தால் ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி படிகிறது. தொளதொளவென்ற பெரன் அங்கிக்குள் காங்கிரியை அணைத்துக்கொண்டு மக்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். விளாறுகளால் பின்னிய கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதில் கரித்தணல்: இதுதான் காங்கிரி. வேலை குறைவு, இரவு நீளம். கதை சொல்ல இதைவிடத் தோதான காலம் கிடையாது.

அந்தக் கதைகளில் சில இப்போது ஆங்கிலம் வழியாகப் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்திருக்கின்றன. கணப்பருகே உட்கார்ந்து படிக்கலாம். படித்த பின் தூக்கம் வருமா என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

முதலில் படிக்க வேண்டியவர் ஹரி கிருஷ்ண கௌல் (1934-2009). காஷ்மீரிச் சிறுகதையின் முக்கியமான பெயர்களில் ஒன்று. 2000இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். வானொலி, தொலைக்காட்சிக்கும் நாடகங்கள் எழுதினார். 1990இல் பண்டிதர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியபோது அவரும் ஊரை விட்டார். காஷ்மீரிக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு. 'ஃபார் நௌ, இட் இஸ் நைட்' என்ற மொழிபெயர்ப்புத் தொகுப்பு அந்தக் குறையை ஓரளவு போக்குகிறது. இதன் அமெரிக்கப் பதிப்பு 2024இல் வந்தது.

தொகுப்பில் ஒரு கதையில் போஷ்குஜ் என்ற மூதாட்டி டெல்லியிலுள்ள மகன் வீட்டில் வந்து இறங்குகிறாள். இன்னொன்றில் இரண்டு பையன்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். உலகம் மாறுகிறது, அவர்கள் மாறுவதில்லை. கௌல் கதறுவதில்லை. லேசாகச் சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போகிறார். வலி பிறகுதான் தெரிகிறது.

புத்தகம் உருவான விதமும் ஒரு கதைதான். மொழிபெயர்த்தவர்களில் ஒருவரான கல்பனா ரைனா, கௌலின் உறவினர். காஷ்மீரி பேசத் தெரியும். அது எழுதப்படும் பாரசீக-அரபு எழுத்தைப் படிக்கத் தெரியாது. பிறர் வாசிக்க, காதால் கேட்டே அவர் வேலை செய்தார். அவருடன் சேர்ந்தவர்கள் தன்வீர் அஜ்ஸி, கௌஹர் ஃபாஸிலி, கௌஹர் யாகூப். ஊரை இழந்த ஒரு பண்டிதரின் கதைகள் இரு சமூகத்தவரின் உழைப்பால் வெளியுலகைப் பார்த்திருக்கின்றன. 1990 பிரித்துப்போட்டவர்களை ஒரு மொழி ஒரே மேஜையில் உட்கார வைத்திருக்கிறது.

ஆங்கிலத்திலேயே எழுதும் அடுத்த தலைமுறைக்கு வன்முறையே பால்ய நினைவு. ஸ்ரீநகரில் பிறந்த மிர்ஸா வஹீதின் 'தி கொலாபரேட்டர்' (2011) எல்லைக்கோட்டருகே ஒரு கிராமத்தில் நடக்கிறது. ஊரே காலியாகிவிட்டது. பள்ளத்தாக்கில் சிதறிக்கிடக்கும் தீவிரவாதிகளின் சடலங்களிலிருந்து ஆயுதங்களையும் அடையாள அட்டைகளையும் பொறுக்கி வருவது பத்தொன்பது வயதுப் பையனுக்கு ராணுவ கேப்டன் கொடுக்கும் வேலை. அடுத்துப் புரட்டும் முகம் எல்லை தாண்டிப் போன தன் நண்பனுடையதாக இருக்குமோ என்ற பயத்தில்தான் நாவல் நகர்கிறது.

ஷாநாஸ் பஷீரின் 'தி ஹாஃப் மதர்' (2014) சிறிய நாவல். கணவன் காணாமல்போய், உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத பெண்களைக் காஷ்மீரில் 'பாதி விதவைகள்' என்பார்கள். இங்கே ஹலீமாவிடமிருந்து பிடித்துச் செல்லப்படுபவன் மகன். முகாம், சிறை, அலுவலகம் என அவள் அலைகிறாள். நடை சில இடங்களில் தடுக்குகிறது. ஹலீமா தடுக்கி நிற்பதில்லை.

மாதுரி விஜயின் 'தி ஃபார் ஃபீல்ட்' 2019இல் ஜேசிபி இலக்கியப் பரிசு பெற்றது. பெங்களூரில் தன் வீட்டுக்குத் துணி விற்க வந்த காஷ்மீரி பஷீர் அகமதைத் தேடி, தாய் இறந்த பிறகு ஷாலினி வடக்கே போகிறாள். அவளுடைய நல்லெண்ணம் அங்கிருப்பவர்களுக்கு என்ன தீங்கு செய்கிறது என்பதே கதை. கொஞ்சம் நீளம்தான். ஆனால் தூரத்திலிருந்து அனுதாபப்படும் எவரையும் சங்கடப்படுத்தும் நாவல்.

குளிர்காலம் வந்தால் சால்வை மூட்டையுடன் காஷ்மீரிகள் நாடெங்கும் நகரங்களுக்கு வருகிறார்கள். வாசலில் நின்று பேரம் பேசுகிறோம், வாங்குகிறோம், கதவைச் சாத்துகிறோம். அவர்களுடைய வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்பதில்லை. இந்த நான்கு புத்தகங்களும் அதற்குப் பதில் சொல்கின்றன.